பனி உருகுமுன் வந்துவிடு, இவாமரு

முதல் கடிதம்

இவாமருவுக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வா. செருப்புக்கூடப் போடாமல் போயிருக்கிறாய். நீ போனதிலிருந்து ஹிசமே பேசவில்லை.

அன்று வாசலில் கத்தியது உன்னைச் சொன்னது அல்ல.

கினு


இரண்டாம் கடிதம்

அன்புள்ள இவாமருவுக்கு,

மேலே உள்ள 'அன்புள்ள' ஹிசமே சொல்லி எழுதியது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் இப்போது பேசுகிறாள். வாயைத் திறந்ததுமே என்னைத் திட்டத்தான் திறந்தாள். போன கடிதத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டாள். சொன்னேன். "இது கடுதாசியா, இல்ல ஒருத்தனைத் தீர்த்துக்கட்டச் சொல்லி வர்ற சீட்டா? அவன் மனசு ஒடிஞ்சு போயிருக்கான் கினு. நாலு வார்த்தை நல்லா எழுதினா உன் கத்தி மழுங்கிடுமா?" என்றாள். அதனால் இந்த முறை நிறைய எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கு இதில் பழக்கம் இல்லை.

கரி சுடுகிற மனிதர் போன கடிதத்தை உன் ஆட்கள் வாழும் பள்ளத்தாக்கின் வாயில், ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த முறை போனபோது அது அங்கே இல்லையாம். நீ எடுத்திருப்பாய், அல்லது காற்று எடுத்திருக்கும். நீதான் எடுத்தாய் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி விசாரிக்க வேண்டுமாம். சரி. கூரையிலிருந்து நீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது. தெற்கு வரப்பில் மண் தெரிகிறது. கிணற்றடியில் உள்ள பிளம் மரம் மொட்டு விட்டிருக்கிறது. ஊரே சந்தோஷமாக இருக்கிறது. நான் ஒருத்திதான் அந்த மொட்டுகளை வெட்டி எறியலாமா என்று அரிவாளோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

பருவத்தைப் பற்றி எழுதிவிட்டேன். இதற்கு மேலும் விளக்க வேண்டுமா? ஹிசமே பனியில் பிறந்தவள், வெயில் ஏறினால் உருகிவிடுவாள். வருஷா வருஷம் இந்த நேரத்தில் நீ அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வடக்கு மலைப் பள்ளத்துக்கு ஏறிவிடுவாய். அங்கே கோடையிலும் பனி கிடக்கும். நான் சோற்று மூட்டையோடு பின்னாலேயே வருவேன். உன் முதுகு கிணற்றுக் கல் மாதிரி எப்போதும் சில்லென்று இருக்கும். அதனால்தான் உன்னால் முடிகிறது. என் உடம்பு மனித உடம்பு. என் கை பட்டாலே அவள் கை நனைந்துவிடும். நடுக்குளிர்காலத்தில்கூட, பனிக்குள் கையைப் புதைத்து வைத்து, மரத்துப்போன பிறகுதான் நான் அவள் தலைமுடியைத் தொடுவேன். உனக்குத் தெரியாததா?

இப்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீ உள்ளே இருந்தாய். உனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. முகங்களை நீ பார்க்கவில்லை.

குளிர்காலம் முடியும் செட்சுபுன் பண்டிகை அன்று ஊரில் எல்லோரும் வறுத்த பயற்றை எறிந்து அரக்கனை விரட்டுவார்கள். நம் வீட்டில் அரக்கனே நீதான், அதனால் ஒரு வருஷமும் எறிந்ததில்லை. வயதுக்கு ஒரு பயறு தின்னும் வழக்கத்தை மட்டும்தான் வைத்திருக்கிறோம். உன் வயதுக்கு அண்டாவில் வறுத்தாலும் போதவில்லை. இந்த வருஷம் ஊர்த்தலைவரின் மனைவி ஒதோரா, பெண்களைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏம்மா கினு, வருஷா வருஷம் தலைவலின்னு படுத்துக்கிறே. இந்த வருஷம் நாங்களே வந்துட்டோம். கொஞ்சம் வாயைத் திறந்து கத்து, முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது" என்றாள். அரக்கன் அண்டாமல் இருக்க, கதவில் மத்தி மீன் தலையையும் முள்ளிலைக் கொப்பையும் அவளே செருகினாள். அவள் மேல் குற்றமில்லை. ஊர் வழக்கம்.

ஆனால் பெண்களுக்குப் பின்னால் ஊசி விற்கிறவன் ஒருவன் நின்றிருந்தான். அவன் ஊசி விற்கிறவன் அல்ல. குஹெய். நான் விட்டு வந்த கொலைகாரக் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஒரே குருவிடம் என்னோடு கத்தி பிடித்தவன். உன் தலைக்கும் ஹிசமேயின் தலைக்கும் கூட்டம் இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நல்லா சத்தமா கத்து தங்கச்சி. உள்ளே யாராச்சும் இருந்தா அவனுக்கும் கேக்கணும்ல" என்றான்.

நான் தயங்கியிருந்தால் நீ உள்ளே இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். வாசலில் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் கத்தியை உருவ என்னால் முடியாது. அதனால் கத்தினேன். அரக்கனே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா என்று பயற்றை உள்ளே வீசிக் கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. கொலை செய்யும்போதுகூட. குஹெய் ஏமாந்து போனான். பெண்கள் கை தட்டினார்கள். நான் உள்ளே வந்து பார்த்தால் பின்கதவு திறந்து கிடக்கிறது. பனியில் உன் கால்தடம் கிடக்கிறது. நீ குடித்துக்கொண்டிருந்த தேநீர் பாதி அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது இவாமரு. பயறு உன்னை விரட்டியிருக்காது. அதைப் பொறுக்கித் தின்கிறவன் நீ. என் வார்த்தைதான் உன்னை விரட்டியது. எப்படி அதை நம்பினாய்? உன்னைக் கொல்லத்தான் நான் அந்த மலைக்கு முதலில் வந்தேன். கழுத்தை நீட்டிக் காட்டிவிட்டு, "வெட்டுறது இருக்கட்டும். சாப்பிட்டியா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து உன் பக்கத்தில்தான் தூங்குகிறேன். இத்தனை வருஷத்தை விட்டுவிட்டு ஒரு கூச்சலை நம்புவதா?

ஹிசமே சொல்கிறாள், குற்றம் உன்னுடையது இல்லையாம். "நீ பேசுறதே மாசத்துக்கு நாலு வார்த்தை. அதுல பொய் ஒண்ணுகூட இருந்ததில்ல. அவன் எப்படி நம்பாம இருப்பான்?" என்கிறாள்.

வெளிச்சூடு படாமல் இருக்க, பஞ்சு வைத்த தடித்த அங்கியைப் போர்த்தி அவளை வடக்கு அறையில் உட்கார வைத்திருக்கிறேன். அடுப்பு மூட்டுவதில்லை. கொல்லையில் வடித்து ஆறிய சோற்றைத்தான் தின்கிறேன். சீக்கிரம் வா.

கினு


மூன்றாம் கடிதம்

என் இவாமருவுக்கு,

இதை யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை.

ஹிசமேயின் இடது கைச் சுண்டுவிரல் உருகிப் போய்விட்டது. அவள் என்னிடம் சொல்லவில்லை. கையைச் சட்டைக்குள் மறைத்தே வைத்திருந்தாள். காலையில் பாயில் ஈரம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "விடு, அந்த விரல்ல என்ன வேலை செஞ்சேன்" என்று சிரிக்கிறாள். நான் அழவில்லை. அழுதால் கண்ணீர் சூடாக இருக்கும். அவள் மேல் விழுந்துவிடும்.

வேறு வழி இல்லாமல் ஒதோராவிடம் போனேன். அவள் புருஷன் பொறுப்பில்தான் பனிக்கட்டிக் குகை இருக்கிறது. கோடையில் பிரபுவுக்கு அனுப்பும் பனிக்கட்டியை அங்கே வைக்கோல் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒருத்தியை ஒளித்து வைக்க வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் யார், நீ யார், அவள் யார், மூன்று பேரும் எப்படி ஒரே பாயில் தூங்குகிறோம் என்பது வரை. ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒதோரா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, இதை அன்னைக்கே என் காதுல போட்டிருக்கக் கூடாதா? நான் பொறந்த ஊர் பேர்லயே அரக்கன் இருக்கான். எங்க ஊர்ல யாரும் அவனை விரட்ட மாட்டோம். அரக்கனும் உள்ளே வான்னுதான் கத்துவோம். எங்க ஊர் மாதிரி கத்துடின்னு சொல்லியிருப்பேன், அந்த ஊசிக்காரனும் வாயை மூடிட்டுப் போயிருப்பான்" என்றாள்.

அப்படியும் ஒரு வழக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் வளர்ந்த இடத்தில் பண்டிகை கிடையாது. எந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் எதைக் கொண்டாடுவார்கள் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஹிசமேயைக் குகைக்குள் படுக்க வைத்தோம். அங்கே கொஞ்சம் தெளிந்தாள். திரும்பி வந்து கதவிலிருந்த மீன் தலையைப் பிய்த்து எறிந்தேன். நடுப்பகலில், தெருவில் ஆட்கள் போகும்போது, வாசலில் நின்று கத்தினேன். அரக்கனே உள்ளே வா என்று கத்தினேன். ஒரு முறை இல்லை, குரல் போகும்வரை. மலைவரை கேட்கும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். உனக்குக் கேட்கவில்லை. இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த குஹெய்க்குக் கேட்டுவிட்டது.

அவன் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்களை அழைத்து வரப் போய்விட்டான். போகும்போது என் வாசலில் நின்று, "எத்தனை பேரைக் கண்ணு இமைக்காம முடிச்சவ நீ. போயும் போயும் ஒரு பேய்க்கும் பிசாசுக்கும் ஆசைப்பட்டு நாசமாப் போனியே" என்றான். அவன் பரிதாபப்பட்டுத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். அவனைத் துரத்திப் போயிருக்கலாம். ஹிசமேயைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை.

நாளைக் காலை அவர்கள் வந்துவிடுவார்கள். ஊரில் குளிர் மிஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றுதான் என்று குகையைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒதோராவின் குடும்பத்துக்கு ஆபத்து வரக் கூடாது. அதனால் விடியும்போதே அவளைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கிளம்புகிறேன். ஒதோரா பிரபுவின் பனிக்கட்டியையே உடைத்து வண்டியில் நிரப்பித் தருகிறேன் என்கிறாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் கேட்டா எலி தின்னுடுச்சுன்னு சொல்லிக்கிறேன். அவருக்கு அதெல்லாம் புரியாது" என்றாள். இந்த மாதிரி ஒருத்தி இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் நான் அவளிடம் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை.

கரி சுடுகிறவர் இதை இன்றிரவே அந்தக் கல்லடியில் வைத்துவிடுவார், கவனமாகப் படி. வடக்கு மலை வழியில் உள்ள தொங்குபாலம் வரைதான் வண்டி போகும். அதற்கு மேல் மலை செங்குத்து, வெயில் பக்கம். என்னால் அவளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. என் முதுகிலேயே அவள் முடிந்துவிடுவாள். பாலத்தின் அந்தப் பக்கம் பெரிய பாறை இருக்கிறது அல்லவா, அதன் நிழலில் வைக்கோலும் பனியும் போட்டு அவளைப் படுக்க வைத்துவிட்டு வருகிறேன். வெயில் பாறையைச் சுற்றி வருமுன் நீ வந்து தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

நான் பாலத்தில் நிற்பேன். பலகை குறுகல். ஒரு நேரத்தில் ஒருவன்தான் வர முடியும். எனக்கு அது போதும். கத்திச் சத்தம் கேட்டால் நீ இந்தப் பக்கம் வரக் கூடாது. என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா. என் முகத்தைப் பார்க்காமலே போ. அவளை மட்டும் எடுத்துக்கொள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இவாமரு. நான் யார் காலையும் பிடித்தவள் இல்லை.

வலது தோளில் சாய்க்காதே, உன் கொம்பில் அவள் முடி சிக்கிக்கொள்ளும். போன வருஷம் பாதி வழியில் நின்று நான்தான் எடுத்துவிட்டேன். இடது கையைப் பிடித்து இழுக்காதே. வழியில் அவள் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டால் பாடு, உன் குரல் கர்ணகடூரம் என்று அவளுக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று. நான் உன்னிடம் ஒரு வார்த்தையும் ஆசையாகச் சொன்னதில்லை. ஹிசமேயிடமும் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்வீர்கள் என்று விட்டுவிட்டேன். என் முகத்தில் எதுவும் தெரியாது என்று குஹெய் சொல்கிறான். உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததா? தெரிந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் எனக்கென்று வேண்டும் என்று நினைத்தது உங்கள் இருவரை மட்டும்தான்.

பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்து கண் திறந்ததும் அவள் என்னைத்தான் கேட்பாள். நான் பாலத்தில் நிற்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் வெயில் என்றும் பார்க்காமல் இறங்கி வந்துவிடுவாள். 'கினு பின்னாலயே வர்றா, சோத்து மூட்டை கனம், அதான் தாமதம்' என்று சொல். உனக்குப் பொய் வராது, தெரியும். வரும் வழியிலேயே நாலு தடவை சொல்லிப் பழகிக்கொள். அடுத்த நாள் கேட்டாலும் அதையே சொல். பனி விழுந்து அவள் உடம்பு தேறும்வரை அதையே சொல்.

நீங்கள் இருவரும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் இருவரின்,
கினு