இறக்கி வைத்த கூடை

நோர்வூட்,
1936 ஐப்பசி

தங்கச்சி,

நான் சுகம்னு எழுத முடியல. ரெண்டு வருசமா தலைவலி. கொழுந்துக் கூடைக் கயித்தத் தலையில போட்டு இறுக்கின மாதிரி சுத்திப் பிடிக்குது. சீப்பு பட்டாலே உசுரு போகுது.

இத்தனைக்கும் நான் இப்ப கூடையே தூக்குறதில்ல, ஸ்டோருல உக்காந்து காஞ்ச தேயிலையில குச்சி பொறுக்குறேன். தோட்டத்து டாக்டரையா, "மண்டையில ஒண்ணுமில்ல. மனசுல எதையாவது அடக்கி வச்சிருக்கியா?"ன்னு கேட்டாரு. இல்லீங்கன்னு தலையாட்டினேன். அப்பவே கயிறு இன்னும் இறுகிடுச்சு.

கினிகத்தேனைக் கடையில ஒனக்கு வேலை ரொம்பக் கஷ்டமா? புள்ளைங்க சாப்பிடுதுகளா?

ரெண்டு வருசத்துக்கு முந்தி அன்னைக்குக் கொழுந்து நிறுக்குறப்ப, ஒரு கூடைக்கு அடியில எடை கூட்டப் போட்ட முத்தல் இலை கெடந்துச்சு. "இது ஒன் தங்கச்சி கூடையா?"ன்னு கங்காணி கேட்டாரு. நான் ஆமான்னு தலைய ஆட்டினேன். அன்னைக்கே பத்துச்சீட்டு குடுத்து ஒன்னத் தோட்டத்த விட்டு அனுப்பிட்டாங்க. நீ மறுத்துப் பேசாம என்னையே பாத்துக்கிட்டு நின்ன.

கூடை என்னோடது. கயிறு உறுத்தி எனக்குத் தலை நோகக்கூடாதுன்னு நீதான் ஒன் சேலையக் கிழிச்சு அதுல சுத்திக் குடுத்திருந்த. அந்தத் துணியப் பாத்துத்தான் கங்காணி அப்படிக் கேட்டாரு.

ஒன் அக்கா