மேற்குத் தொட்டிக் குழாய்

மே 14, 2012
பண்ணை வீடு

அன்பு அக்கா டெல்பினாவுக்கு,

போனில் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது, பார்.

ரோசாராவுக்கு முழங்கால் வலி தேவலை. உனக்குப் பிடிக்கும் என்று உன் தம்பி பெண்டாட்டி உப்புக்கண்டம் போட்டு வைத்திருக்கிறாள். வந்து எடுத்துக்கொண்டு போ.

போன வாரம் நான் மாட்டு ஏலத்துக்குப் போயிருந்தபோது, எல்லை தாண்டி நடந்து வந்தவர்கள் கிழக்குத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் அடைக்கும் மிதவையை உடைத்துவிட்டார்கள். இரண்டு நாள் தண்ணீர் முழுக்க மண்ணில் ஓடி, நான்கு பசுக்கள் தாகத்தில் செத்தன. அதே நாளில் ஒருவன் சமையலறை வாசலில் வந்து நின்று, “அம்மா, சாப்பிட ஏதாவது குடுங்க” என்றிருக்கிறான். கெட்டது எதுவும் செய்யவில்லை. ஆனாலும் ரோசாரா அன்றிலிருந்து மாவு டப்பாவுக்குப் பின்னால் துப்பாக்கியை வைத்துக்கொண்டுதான் ரொட்டி சுடுகிறாள்.

முடிவு செய்துவிட்டேன். மாடுகளை மேற்கு மேய்ச்சல் நிலத்திலிருந்து ஓட்டி வந்தாயிற்று. மாடு இல்லாத இடத்தில் தண்ணீர் எதற்கு? ஜூன் முதல் தேதி மேற்குத் தொட்டிக் குழாயை மூடுகிறேன். நடந்து வருகிறவர்கள் மிதவையில் கை வைக்காமல் குடிக்கட்டும் என்று அப்பா தகரக் குவளையோடு வைத்த குழாய்தான், தெரியும். மாடு இல்லாத மாதங்களிலும் அவர் அதை மூடியதில்லை, அதுவும் தெரியும். அப்பா காலத்தில் வந்தவன் தொப்பியைக் கழற்றி வேலை கேட்டான். இப்போது வருகிறவன் யார், அனுப்புகிறவன் யார் என்று எவனுக்குத் தெரியும்?

நவம்பரில் இறந்தோர் நாளுக்கு வழக்கம்போலச் சேர்ந்தே அப்பா கல்லறையைக் கழுவுவோம். அதில் மாற்றமில்லை.

உன் தம்பி,
எலிஹியோ


மே 22
டூசான்

என் பிடிவாதக்காரத் தம்பிக்கு,

பசுக்களுக்காக வருத்தப்பட்டேன். ரோசாராவுக்காக அதைவிட அதிகம். ஆனால் மிதவை உடைந்தது கிழக்கில். தண்டனை மேற்குக்கா?

ஞாயிறு பூசை முடிந்து கோயில் கூடத்திலும் இதே பேச்சுதான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுந்து, “வேலிய இன்னும் உசத்துங்க, ஒருத்தன் வரமாட்டான்!” என்றார். “உங்க வீட்டுக் கூரைய யாரு போட்டா? உங்க மருமகனா, வேலி தாண்டி வந்தவனா?” என்று ஒரு பெண் கேட்க, கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “என் பொண்டாட்டிய முறைப்படி கூட்டிட்டு வர பதினோரு வருஷம் காத்திருந்தேன். அப்ப நான்தான் முட்டாளா?” என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் தாகத்தில் சாகட்டும் என்று அவர்கூடச் சொல்லவில்லை, எலிஹியோ.

எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாதம் ஒருமுறை போகிறேன். அங்கே வருகிறவர்களுக்குப் பாலைவனத்தின் படம் வரைந்து கொடுக்கிறேன். முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்த கை. பிணம் கிடந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி, தண்ணீர் இருக்கும் இடம் நீலப் புள்ளி. சிவப்பைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. மற்றவர்கள் நீலத்தை நம்பி நடக்கிறார்கள். நம் மேற்குத் தொட்டியும் ஒரு நீலப் புள்ளி.

மூடாதே.

டெல்பினா


ஜூன் 3
பண்ணை வீடு

அக்கா,

மூடிவிட்டேன். கைப்பிடியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏசிக்குக் கீழே உட்கார்ந்து இரக்கப்படுவது சுலபம். உன் வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. என்னைக் கேட்காமல் என் தொட்டியைப் படத்தில் போட உனக்கு யார் உரிமை கொடுத்தது? வா வா என்று கூப்பிடுவது நீ, பசுவைப் புதைப்பது நான். அந்தப் புள்ளியை அழித்துவிடு.

எலிஹியோ


ஜூன் 11
டூசான்

எலிஹியோ,

அழிக்க மாட்டேன். நீ அப்பாவின் பிள்ளை. ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிவாய், பிறகு யாருக்கும் தெரியாமல் போய்த் திறந்துவிடுவாய். கைப்பிடியைத் தூக்கி எறியாமல் பையில் வைத்திருக்கிறாயே, அதிலேயே தெரிந்துவிட்டது.

புள்ளி அங்கேயே இருக்கட்டும். உன் மனசாட்சிக்கு ஒரு முள்.

டெல்பினா


ஜூலை 2
பண்ணை வீடு

டெல்பினா,

நேற்று வேலி பார்க்கப் போனேன். மேற்குத் தொட்டியடியில் ஒரு பெண் கிடந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். செத்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். அப்பாவின் தகரக் குவளை மடியில் இருந்தது. ஆளுயரத்துக்கு மேல், மூடி போட்ட இரும்புத் தொட்டிக்குள் பாதிக்கு மேல் தண்ணீர். வெளியே, இரும்பில் ஒரே இடத்தில் கல்லால் அடித்த தழும்புகள். எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

வந்த போலீஸ்காரன் என் முதுகில் தட்டி, “உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க. இந்தக் கோடையில இது ஏழாவது” என்றான். பக்கத்துப் பண்ணைக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு, இனிமே உங்க பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டானுங்க” என்றான். அவனை அடிக்கப் பாய்ந்தேன்; ரோசாராதான் பிடித்துக்கொண்டாள். போன மாதமாக இருந்தால் நானே அப்படித்தான் பேசியிருப்பேன்.

அவள் சட்டைக்குள் இருந்ததைப் போலீஸிடம் காட்டவில்லை. இத்துடன் அனுப்புகிறேன். உன் கையெழுத்து. மேற்குத் தொட்டியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் வேறு போட்டு வைத்திருக்கிறாள்.

குழாயைத் திறந்துவிட்டேன். நீ சொன்னது பலித்தது. சந்தோஷமா?

எலிஹியோ


அக்டோபர் 20
டூசான்

எலிஹியோவுக்கு,

பதில் எழுத மூன்றரை மாதம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதினேன். நான்கிலும் உன்னைத்தான் திட்டியிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

அவள் பெயர் எர்மெலிந்தா. கன்னியாஸ்திரிகள் அவள் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வட்டத்தைப் போட்டது அவள் இல்லை, நான். ஜூன் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்தில் என்னிடம், “இதுல எதுல கண்டிப்பா தண்ணி இருக்கும், டீச்சர்?” என்று கேட்டாள். “இதுல. இது என் தம்பியோட தொட்டி. பயப்படாமப் போய்க் குடி” என்றேன். நீ மூடிவிட்டதாக எழுதிய கடிதம் அப்போது என் கைப்பையில்தான் இருந்தது.

இப்போது அந்தப் புள்ளியை அழித்துவிட்டேன். நீ திறந்து வைத்திருப்பது தெரியும். ஆனாலும் மறுபடி வரையக் கை வரவில்லை. உன்னை நம்பி இன்னொருத்தியை அனுப்ப மாட்டேன். என்னை நம்பியும்.

இறந்தோர் நாளன்று காலையில் கல்லறைக்கு வருகிறேன். கழுவி, சாமந்தி வைத்துவிட்டுப் பதினோரு மணிக்குள் கிளம்பிவிடுவேன். நீ அதற்குப் பிறகு வா.

டெல்பினா