இடப்பக்கப் பனி விளக்கு

என் பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். நான் சுகமா என்று கேட்டால் உடம்பு சுகம், மற்றதைக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய். போனில் சொல்லலாம்தான், பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், ஆபீஸில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு நீ என்ன செய்வாய் பாவம், அதனால் எழுதுகிறேன். மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, என் முழங்கால் வலி நிற்கவில்லை. பதிவு அலுவலகத்தில் அதே மேசைதான், வருகிறவர்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றிப் பத்திரத்தில் உருட்டுகிற அதே வேலைதான். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, அதுவரை யார் விரலையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நீ சொன்னபடி எருமையை விற்க ஏற்பாடு செய்துவிட்டேன். அந்தப் பழைய பெரிய காருக்கு நீ வைத்த பெயர் எனக்கும் தொற்றிக்கொண்டது, அப்பா காதில் விழுந்திருந்தால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மாட்டு டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார், விடியற்காலையில் பனி மூடிய மேட்டுப் பாதையில் போக வர வேண்டியவராம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, முன்னால் பம்பரில் இடப்பக்கத்துப் பனி விளக்கு மட்டும் எரியவில்லை, அதை மாற்றிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த விளக்குதான் என்று உனக்குத் தெரியும்.

போன பனிக்காலத்தில் அதற்கு அப்பா புது பல்பு போட்டபோது நான்தான் பக்கத்தில் டார்ச் பிடித்தேன். பல்பை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அதற்குள் பத்துத் தடவை சொல்லிவிட்டார், "கண்ணாடியைத் தொடாத, விரல்ல இருக்கிற எண்ணெய் ஒட்டிக்கிட்டா சூட்டுல அந்த எடம் வெந்து பல்பு போயிடும்" என்று. நானும் அடிப்பக்கத்தைப் பிடித்துத்தான் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் அது அணைந்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமை நீரேற்று நிலையத்தில் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "நீ தொட்டிருக்க" என்றார். இல்லை என்றேன். "பொய் சொல்லாத" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ திட்டியிருக்கிறார், அடுப்பை அணைக்க மறந்ததற்கு, சாவியைத் தொலைத்ததற்கு, எல்லாவற்றையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறேன். பொய்க்காரி என்று மட்டும் சொன்னதில்லை. அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன், நீ அப்பா செல்லமாயிற்றே, "விடும்மா, நீதான் தெரியாம தொட்டிருப்ப, ஒத்துக்கிட்டா என்ன" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை டீயை அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன். "வரேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று ஒன்பது மணிக்கு ஆள் வந்து சொன்னார்கள்.

இந்த ஒரு வருஷமாக எனக்கு ஒரே கேள்விதான் பாப்பா. ஒருவேளை தொட்டேனோ? டார்ச்சை மாற்றிப் பிடிக்கும்போது விரல் பட்டுவிட்டதோ? அப்படியென்றால் அவர் சொன்னது சரி, நான் வீம்புக்கு நாலு நாள் வாயை மூடிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தேன் என்றாகிறது. நம் மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன், நாம் "நாளைக்கு" என்று பெயர் வைத்தோமே அவரிடம்தான், வழக்கம்போல "நாளைக்குக் கொண்டாங்கம்மா" என்றார். அதுவும் நல்லதுக்குத்தான். அந்த பல்பை வேறொருவர் கழற்றித் தூக்கி எறிய நான் விடமாட்டேன், எனக்கு அதைப் பார்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை நானே உட்கார்ந்தேன். பேட்டரி வயரைக் கழற்றி வைத்தேன், ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுதாக ஒடித்தேன், முன்பக்க இடது சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பின் ஸ்க்ரூக்களைத் திருகி எடுத்து அதை மடக்கிப் பிடித்துக் கையை உள்ளே விட்டேன். ஒன்றும் தெரியாது, தடவித் தடவித்தான். பாயில் குப்புறப் படுத்திருந்த என்னைப் பார்த்து எதிர்வீட்டு டீச்சர் ஓடிவந்து மயக்கமா என்று கேட்டார். இல்லை, மெக்கானிக் வேலை என்றேன். சிரித்துவிட்டுப் போனார். வயர் சொருகியிருந்ததைப் பிடுங்கி, பல்பை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினேன், கையோடு வந்துவிட்டது.

கண்ணாடியில் ஓரிடம் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. அலுவலக வேலைக்கு நான் வைத்திருக்கிற பூதக்கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்துவந்து வெயிலில் பார்த்தேன். பாதிக் கட்டைவிரல், கோடு கோடாக ரேகை, குறுக்கே ஒரு வெட்டு. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பாவுக்கு வால்வில் விரல் நசுங்கி மூன்று தையல் போட்டார்களே, அந்த வெட்டு. பாப்பா, எத்தனை ஆயிரம் பேர் கட்டைவிரலை உருட்டியிருக்கிறேன், என் வீட்டுக்காரர் விரல் எனக்குத் தெரியாதா? சர்க்கரை வந்த பிறகு அவருக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது, சட்டைப் பித்தானைக்கூட என்னைத்தான் போடச் சொல்வார். கண்ணாடி பட்டது அவருக்கே தெரிந்திருக்காது.

நான் தொடவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் ஜெயித்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்ல?

இத்தோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புது பல்பு வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் பழையது ஏதாவது கிடக்குமா என்று பின்சீட்டுக்கு அடியில் இருக்கிற கருவிப் பெட்டியைத் திறந்தேன். அவர் போனபின் அதை நான் தொடவே இல்லை. மேலாகவே ஒரு பை, அதற்குள் பிரிக்காத புது பல்பு, கூடவே மெல்லிய ரப்பர் கையுறை ஒரு ஜோடி, பெரிய அளவு, அவர் அளவு. வேலை செய்கிற இடத்தில் வருஷா வருஷம் கொடுத்த கையுறையையெல்லாம் "இதைப் போட்டா வேலை கைக்குத் தெரியாது" என்று யார் யாருக்கோ கொடுத்த மனுஷர். பில்லில் அவர் போவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமைத் தேதி. புதன்கிழமை சாயங்காலம் வாசலில் வெகுநேரம் சக்கரத்துப் பக்கம் குனிந்துகொண்டிருந்தார், என்ன செய்கிறீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. திறந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார். அவர் விரல்தான் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். வியாழக்கிழமை கடையிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றார், "இங்க பாரேன்" என்றார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அவர் அந்த நேரம் என்ன சொல்ல வந்தார் என்று இப்போது எனக்குத் தெரியும், தெரிந்து என்ன பிரயோசனம்.

அவர் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் புது பல்பை மாட்டினேன், விரல் நுனிகள் எனக்குத் தொளதொளவென்று தொங்கின. பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சுவரில் இரண்டு வட்டமும் விழுந்தன. "பாத்தீங்களா, நான் தொடல" என்று வாய்விட்டுச் சொன்னேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். வருகிற வாரம் டாக்டர் வந்து வண்டியை எடுத்துப் போவார். எருமை போகட்டும். எரிந்துபோன அந்த பல்பை மட்டும் கொடுக்கமாட்டேன். பஞ்சில் வைத்து அதன் அட்டைப் பெட்டியிலேயே மூடி, பத்திரத்தில் எழுதுவதுபோல மேலே எழுதி வைத்திருக்கிறேன், இது உன் அப்பாவின் வலது கட்டைவிரல் ரேகை என்று. கீழே சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

நீங்கள் இருவரும் சண்டை போட்டால் போடுங்கள், சண்டை போடாத வீடு எங்கே இருக்கிறது. மாப்பிள்ளை வந்து இங்கே பார் என்றால் மட்டும் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார். நீடூழி வாழ்க, நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. லீவு கிடைத்து வரும்போது பீரோவின் மேல்தட்டில் அந்தப் பெட்டி இருக்கும், எடுத்துப் பார்த்துக்கொள். கண்ணாடியை மட்டும் தொடாதே, அழிந்துவிடும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா