கோடையில் பிறந்த பன்றிகளும் நிறுத்திவைத்த தண்டனையும்

பொன்னரி நாட்டின் மண்ணும் மலையும் காக்கும் கோமகன், பகைவர் கொடி சாய்த்த பெருவேந்தர் நெடுவேற் பெருமான் திருவடிகளுக்கு, வடகணவாய்க் கோட்டைத் தலைவன் அதிரன் தலை மண்தோய வணங்கி விடுக்கும் ஓலை. கோமகனார் கொற்றம் வாழ்க. தலைநகரில் மழை பிழையாது பெய்க.

கணவாய்க்கு அப்பால் பகைவர் பாசறையிட்டிருக்க, நம் வீரர்க்கு மழைக்கால உணவாக வளர்த்த பன்றிகள் எலும்பெழுந்து நின்றன. பன்றிப்பட்டி காக்கும் சாத்தி பகைவரிடம் பொன் பெற்று அவற்றைப் பட்டினியிட்டாள் என்று சிலர் தலைநகருக்குச் சொல்லியனுப்ப, அவள் தலை கொய்க என்னும் தங்கள் ஆணை வந்தது. வாளேந்தியவன் அருகில் நிற்க, தன் பிள்ளைக்கு முன்னே பன்றிக்குக் கூழ் ஊற்றியவள் தான் என்றும், தலையை எடுப்பதாயினும் முதலில் பட்டிக்குள் வந்து பார்க்க வேண்டும் என்றும் அவள் கதறினாள். யான் வாளைத் தாழ்த்தச் செய்து அவளுடன் சென்றேன்.

தைக் குளிரில் பிறந்தவை ஓரளவு தேறியிருந்தன. சித்திரை வெயிலில் பிறந்தவையே நலிந்திருந்தன. வெப்பம் தாங்காத தாய்ப்பன்றிகள் தீனி வெறுத்தமையால் பால் வற்றிக் குட்டிகள் மெலிந்தன என்றாள் சாத்தி. அதன்மேலும், பட்டிக்குரிய கம்பும் பிண்ணாக்கும் குதிரை லாயத்துக்கு மாற்றப்பட்டு, தவிடும் தழையுமே எஞ்சியிருந்தன. அவை வயிற்றை நிரப்பும். உடம்பில் சதை ஏற்றா. அம்மாற்றம் தங்கள் திருமுத்திரை பெற்ற ஆணையால் நேர்ந்தது என்பதையும் மறையாது எழுதுகின்றேன்.

தண்டனையை நிறுத்திவைத்து, சாத்தியை விலங்குடன் காவலில் இருத்தி, நலிந்தவற்றுள் பாதிக்குக் கம்பும் பிண்ணாக்கும் மீண்டும் ஊட்டுவித்தேன். மறுபாதிக்குத் தவிடே இட்டேன். யானும் பகைவர்க்கு விலைபோனேன் என்று மதில்மேல் பேச்செழுந்தது. என் காவலரே என் முகம் பாராது நின்றனர். ஐப்பசி மழை இறங்குமுன், கம்பு தின்றவை தையில் பிறந்தவற்றை எட்டவில்லையாயினும் முதுகு திரண்டு உணவுக்கு ஆயின. தவிடு தின்றவை அப்படியே நின்றன. தூற்றிய வீரரே சென்று சாத்தியின் விலங்கைத் தறித்தனர்.

இனிக் குட்டிகள் குளிர்காலத்தில் பிறக்குமாறு இனம் சேர்க்கவும், கோடையில் பிறப்பவற்றுக்குத் தானியம் குறையாது அளக்கவும் பணித்துள்ளேன்.

ஆணையை மீறியவன் யான் ஒருவனே. சாத்தி பட்டியில் இருக்கின்றாள். என் வாள் இவ்வோலையுடன் திருமுன் வருகின்றது. பகைவர் இன்னும் கணவாய்க்கு அப்பால் உள்ளனர். ஆதலின் அவ்வாளைத் திருப்பி அளிப்பதாயினும், வேறொரு தலைவனை விடுப்பதாயினும், விரைந்து செய்தருள்க. அதுவரை வெறுங்கையனாய் வாயில் காப்பேன்.

கோட்டை இலச்சினை இட்டேன். இதனைக் கோமகன் திருக்கையிலன்றி வேறெவர் கையிலும் கொடுக்கலாகாது என்பது தூதனுக்கு என் கட்டளை.