இர்மா அம்மாவுக்குக் காஞ்சொறி வைத்தியம்

என் செல்ல மக எல்விராவுக்கு, நாப்போ ஆத்தங்கரையிலிருந்து அம்மா ஆசையோட எழுதறது. இங்க நான், அப்பா, உன் மாமா எல்லாரும் சுகம், அந்த ஸ்பெயின் குளிர்ல உனக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டாத நாளில்ல. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்ல, ஊர் விடுதிக்குப் புது ஓலை மாத்திட்டோம், இந்த மழைக்கு ஒழுகல. அதெல்லாம் கிடக்கட்டும், நீ முதல்ல உக்காரு. கிட்டோவில நீ வீட்டு வேலை பாத்தப்ப உன்னைத் திருடின்னு சொல்லித் துரத்தினாளே இர்மா அம்மா, அவ நம்ம விடுதிக்கு வந்திருந்தாடி.

நாலு நாள் காடு சுத்திப் பாக்க வந்த கூட்டத்தோட படகிலிருந்து இறங்கினா. பாத்ததுமே எனக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு. உன்னைக் கூட்டிட்டுப் போக நான் வந்தப்ப என்னை வாசல் கேட்டுக்கு வெளியிலயே மழையில நிக்க வச்சவ, இப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு அன்பான முகம்ங்கறா. என்னை அடையாளமே தெரியல அவளுக்கு. ஆத்துல தள்ளிடலாமான்னுகூட தோணுச்சு, பொய் சொல்வானேன். படகோட்டற உன் மாமாதான், பொறு அக்கா, திரும்பிப் போறதும் என் படகுலதானேன்னான். சரின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, இலையில சுட்ட மீனைச் சிரிச்ச முகமா அவளுக்குப் பரிமாறினேன்.

மூணாம் நாள் விடியக்காலையில எல்லாரும் அடுப்பைச் சுத்தி உக்காந்து வாயுசா இலை போட்டுக் கொதிக்க வச்ச தண்ணி குடிச்சோம். குடிக்கிறவங்க அவங்கவங்க கண்ட கனவைச் சொல்லணுமே, அவ முறை வந்ததும், கழுத்துச் சங்கிலி ஆத்தோட போற மாதிரி கண்டேன்னா. முன்னாடி எதையாவது தொலைச்சீங்களாம்மான்னு சும்மா கேட்டு வச்சேன். சிரிச்சுக்கிட்டே சொல்றா பாவி! ஒரு சங்கிலியைக் காணோம்னு, வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி எடுத்துட்டான்னு விரட்டிவிட்டாளாம், அப்புறம் பாத்தா அது அவ கோட்டு உள்துணிக்குள்ள கிடந்துச்சாம். அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களான்னேன். அவளை எங்கன்னு தேடறது, பேரே மறந்துபோச்சுன்னா. நான் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டேன். அந்தத் திருட்டுப் பேரை நம்பி, நீ வந்தாலே பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்குவாளே உன் சித்தி, அவளும் பக்கத்துலதான் உக்காந்திருந்தா, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டா.

அன்னிக்கு மத்தியானம் காஞ்சொறித் தழையால முதுகுல அடிக்கிற வைத்தியம். வந்தவங்களுக்கு அது அசதி போக்கற மருந்து, பொய் சொன்னவங்களுக்கு நம்ம ஊர்ல அது தண்டனைன்னு உனக்குத் தெரியும். இர்மா அம்மா அவளாவே கேட்டு வாங்கிக்கிட்டா முதுகைக் காட்டி. இளந்தழையை விட்டுட்டு முத்தினதா ஒடிச்சேன். ஒவ்வொரு அடிக்கும் நான் சொல்ற பேரைச் சொன்னாத்தான் பலிக்கும்னேன். எல்விரா, எல்விரான்னு அலறினா, எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. முடிஞ்சதும் முதுகெல்லாம் தடிச்சுச் சிவந்து நிக்கிறவ, ரொம்ப நன்றி, உடம்பு லேசாயிடுச்சுங்கறா! எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே.

மறுநாள் கிளம்பிப் படகுல உக்காந்துக்கிட்டு, உனக்குப் பொண்ணு இருக்காளா, வீட்டு வேலைக்கு நம்பிக்கையான ஆள் வேணும்னு கேட்டா பாரு. இருக்கா, நேத்து நீங்க அலறின பேர்தான் அவ பேர், உங்க கோட்டுல கிடந்த சங்கிலிக்குத் திருடிப் பட்டம் வாங்கினவளும் அவதான்னேன். அவ மூஞ்சியில ஈயாடல. உன் மாமா படகு மோட்டாரைத் தண்ணியிலிருந்து தூக்கி வச்சுட்டு, கிளப்பமாட்டேன்னு கையைக் கட்டிக்கிட்டான். ஊரே கரையில நின்னுச்சு. கூட வந்தவங்க எல்லாம் அவளையே பாக்கறாங்க. எந்திரிச்சு நின்னு, எல்விரா எடுக்கல, நான்தான் அநியாயமாப் பழி போட்டேன்னு முனகினா. அப்பாவுக்குக் காது மந்தம், சத்தமாச் சொல்லுங்கன்னேன். சொன்னா. மன்னிச்சிடுன்னும் அழுதா. நான் மன்னிக்கலடி. நீயும் இளகிடாதே, சொல்லிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோட வெளியில போகாதே, ஞாயித்துக்கிழமை போன் பண்ண மறந்துடாதே. உனக்கு எல்லா நல்லதும் வரும், எங்க ஆசீர்வாதம் எப்பவும் உன்கூட இருக்கும். இனி நீ தலை நிமிந்து இந்தக் கரையில வந்து இறங்கலாம். உன் சித்தி அழுதுக்கிட்டே வந்து அவ பெட்டிச் சாவியை உன் கட்டில்மேல வச்சுட்டுப் போனா. அதுலேருந்து பெட்டியைத் திறக்க முடியாம, நல்ல துணி இல்லாம பூசைக்குப் போறா. நான் அந்தச் சாவியைத் தொடல. நீயே வந்து உன் கையால குடு.

இப்படிக்கு,
உன் அம்மா பெத்ரோனா