சாவடித் தலைவரின் கையெழுத்து

பிலானின் அப்பா குலேத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் குழந்தையும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் கடிதத்தை ஊர் திரும்பும் நம் தெரு ஹபோன் அக்காவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே வேண்டாம் என்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நானும் சொன்னபடி கேட்டுத் தொலைப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பிலானுக்கு ராத்திரியில் உதடு நீலமாகிறது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். இங்கே உள்ள டாக்டரும் அதையேதான் சொல்கிறார்: இதயத்தில் ஓட்டை, இந்தியா கொண்டு போங்கள், ரமலான் வரை தள்ளிப்போடாதீர்கள். நேற்று அவள் ஒட்டகப்பால் கேட்டாள். கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டாள்.

விசாவுக்குப் போன இடத்தில் நம் சோமாலிலாந்து பாஸ்போர்ட்டைப் பார்த்து, “அட்டை நல்லா இருக்கும்மா, ஆனா இப்படி ஒரு நாடு எங்க பட்டியல்ல இல்லையே” என்று அங்கிருந்தவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று வீடு திரும்பியதும், “முப்பது வருஷமா கொடி இருக்கு, காசு இருக்கு, ஓட்டு இருக்கு. அந்தத் தெற்கத்திக்காரன் பாஸ்போர்ட்ல என் கையெழுத்து விழாது” என்றீர்கள். சரி என்று நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நாம் பிரிந்து வந்த அந்தத் தெற்கு நாட்டின் தலைநகரத்துக்கே பாஸ்போர்ட் கேட்டு வந்தேன்.

வந்த இடத்தில் என்னைக் காட்டிக் கொடுத்தது உங்கள் மை.

ஓட்டுப் போட்ட அன்று, ஊரே பார்க்க என் சுண்டு விரலைப் பிடித்துக் கணு வரை மையில் முக்கினீர்களே! வரிசையில் நின்ற பெண்கள், “பொண்டாட்டியையே சாயத் தொட்டியில போட்டுட்டான்டி” என்று சிரித்தார்கள். வாக்குச் சாவடித் தலைவர் வீட்டுக்குத் தனிச் சலுகை இல்லை என்று காட்ட வேண்டும் உங்களுக்கு. அதே நாளில் உங்கள் ஜிர்தே சித்தப்பா விரலைப் பிளீச்சில் கழுவிக் கழுவி மூன்று சாவடியில் ஓட்டுப் போட்டார். உங்கள் சாவடிக்கு வந்தபோது வாசனை பிடித்துத் திருப்பி அனுப்பினீர்கள். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இங்கே எனக்கும் அந்தப் பிளீச்சு வேண்டியிருந்தது. எலுமிச்சை, மணல், மண்ணெண்ணெய், எல்லாம் தேய்த்தேன். தோல் உரிந்தது, நகம் வெளுக்கவில்லை. பாஸ்போர்ட் அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் விரலைக் காட்டிக் கேட்டதும், மருதாணி என்றேன். அவன் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு, “ஒத்த விரலுக்கு மட்டும் வைக்கிற மருதாணிய பார்த்திருக்கியாடா?” என்றான். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். “ஓட்டுப் போட நாடு இருக்குல்ல, பாஸ்போர்ட்டும் அங்கயே வாங்கிக்கோ” என்று காகிதங்களைத் தூக்கி எறிந்தான். பிலான்தான் குனிந்து பொறுக்கினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

பதினோரு நாள் அதே ஜன்னலில் நின்றேன். பன்னிரண்டாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், மிக மரியாதையானவர், டீ கொடுத்தார். பிலானுக்கு மிட்டாய் கொடுத்தார். என் புருஷன் யார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. “உங்க வீட்டுக்காரர் நாலு வரி எழுதிக் கொடுத்தா போதும்மா, அன்னிக்கே பாஸ்போர்ட்” என்றார். வரிகளையும் அவரே வைத்திருந்தார். சோமாலிலாந்து ஒரு நாடு அல்ல, அங்கே நடந்தது தேர்தல் அல்ல, பெட்டிகளைக் கள்ள ஓட்டால் நாங்களே நிரப்பினோம். கீழே சாவடித் தலைவரின் கையெழுத்து.

உங்களிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

உங்கள் கையெழுத்தை ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். கடைசி எழுத்தை ஏன் அப்படிச் சுழிக்கிறீர்கள் என்று கல்யாணமான புதிதில் கேலி செய்வேன். அந்தச் சுழியையும் விடாமல் போட்டுக் கொடுத்தேன். கோட்டுக்காரர் ஊதிக் காயவைத்தார்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவும் வந்துவிட்டது. வியாழக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அந்த நாலு வரியை இங்கத்து ரேடியோவில் வாசிப்பார்கள். அன்றைக்கே உங்களைத் தேடி வருவார்கள். வேறு யாருமில்லை, நம் போலீஸ்தான். நீங்கள் மை தடவிவிட்ட பையன்களே விலங்கோடு வருவார்கள். ஜிர்தே சித்தப்பா முதல் ஆளாய் முகத்தில் துப்புவார்.

“நான் எழுதலை” என்று ஒரே ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் விட்டுவிடுவார்கள். அது சத்தியமும்கூட. ஆனால் மறுத்தால் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிடுவோம், எந்த ஊரில் இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள் என்று கோட்டுக்காரர் டீ ஊற்றியபடியே சொன்னார். ஆபரேஷன் முடிய மூன்று வாரம் ஆகும். அதுவரை அந்தக் கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கட்டும்.

என்னைத் திட்டுங்கள். மூன்று முறை தலாக் சொல்லுங்கள், தலை குனிந்து வாங்கிக்கொள்கிறேன். பாவி நான்தான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அது உங்கள் சட்டைப்பையில் இருந்தால் உங்களைக் காப்பாற்றிவிடும்.

பிலான் தூங்குகிறாள். பொய்யே பழகாத உங்கள் வாய்க்கு ஒரு பொய்யைச் சொல்லும் பலத்தை அல்லாஹ் தரட்டும்.

உங்கள் மனைவி,
உபாஹ்