இறக்கத்தில் ஓடிய பேண்டு

ஆடி மாசம், வியாழன், ராத்திரி.

பள்ளிக்கூட பேண்டு ஒத்திகையில் கைதட்டித் திட்டு வாங்கிய ஒரே அப்பன் நானாகத்தான் இருப்பேன். "ஏங்க, இதென்ன கல்யாண வீடா?" என்று பேண்டு சார் கத்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

எங்கள் மலையில் மைதானம் என்றாலே ஒரு பக்கம் சரிவுதான். இறக்கம் வந்ததும் வரிசையே ஓடியது. முன்னால் விசிலோடு சாரும் ஓடினார். பெரிய டிரம் அடிக்கும் என் மகள் செல்வி மட்டும் அதே நிதானத்தில் அடித்தாள். அடியும் காலும் ஒட்டவில்லை. சார் திரும்பி அவள்மேல் பாய்ந்தார்.

"ஏன் இழுக்கற? மலைக்காரங்களுக்குத் தாளமே வராது. டிரம்மைக் கழட்டு!"

சுதந்திர தினத்துக்கு இனி வேறு பெண்தான் அடிப்பாளாம். "என்னங்க, நான் சொல்றது சரிதானே?" என்று என்னையே கேட்டார் அந்த ஆள். தலையாட்டினேன். இந்தத் தலைக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வரும்.

செல்வி சாப்பிடவில்லை. "நீ எதுக்குப்பா அங்க வந்தே?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தலையாட்டியபோது வாய்க்குள்ளேயே நின்றுபோனது இதுதான்: ஓடினது உங்க காலுங்க சார், எம்புள்ள கை இல்லீங்க.